பஃபர் என்று சொல்ல வந்தேன்

…வரிசைதான், வேறொன்றுமே இல்லை, இரண்டு வரிகள் இடம் மாறிப்போயிருக்கின்றன, இதையா இத்தனை நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், மூக்குக்கு நேரே அல்லவா உட்கார்ந்திருக்கிறது... தீவு ஆஸ்பத்திரியில் இருக்கிற கணினி இங்கே நகரத்து ஆஸ்பத்திரியின் சர்வரைக் கூப்பிடுகிறது, இரண்டும் முதலில் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கின்றன, என்னால் ஒரே மூச்சில் இவ்வளவு வாங்கி வைத்துக்கொள்ள முடியும் என்கிற பேச்சை அந்த முதல் வணக்கத்திலேயே சர்வர் முடித்துவிட வேண்டும், வாங்கி வைக்கிற அந்த இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர், நான் என்ன செய்திருக்கிறேன், வணக்கமெல்லாம் முடிந்து ஆளை உள்ளே கூப்பிட்ட பிறகு பஃபரைப் பெரிதாக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், யார் கேட்பார்கள் அதை, தீவுக் கணினி பாவம், பழைய சின்ன அளவையே நம்பிக்கொண்டு ஸ்கேன் படத்திலிருந்து ஒரு கைப்பிடி அனுப்பிவிட்டு நிற்கிறது, அந்தக் கைப்பிடி செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கி, கிடைத்தது என்கிற பதில் மறுபடி ஏறி இறங்கி வரும்வரை சும்மா நிற்கிறது, அப்புறம் இன்னொரு கைப்பிடி, மறுபடி நிற்கிறது... லைன் எவ்வளவு அகலமாக இருந்து என்ன, முக்கால்வாசி நேரம் காலியாகக் கிடக்கிறது. அனுப்புகிற பக்கத்தைப் போன வாரமே சரியாகத்தான் எழுதினேன், கூப்பிடுவதற்கு முன்பே பெரிதாக்கினேன், அங்கே ஒழுங்காகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விட்டிருக்கிறேன் பார்... வரியை வெட்டினேன். சர்வர் காதைத் திறந்து வைத்துக் காத்திருக்கத் தொடங்கும் வரிக்கு மேலே கொண்டுபோய் ஒட்டினேன். அவ்வளவுதான். ஒரு வரி, நான்கு அங்குலம் மேலே.

சோதனை மெஷினில், செயற்கைக்கோள் போலவே செயற்கையாகத் தாமதம் வைத்து ஓட்டினேன், ஒரு மண்டை ஓட்டின் படங்கள் முழுத் தொகுப்பு, அரை மணிக்கு மேல் இழுக்கிற சமாச்சாரம், நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது, நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன், கேட்ட அளவு உண்மையில் கிடைத்திருக்கிறதா என்று சர்வரையே திருப்பிக் கேட்டேன், சில சமயம் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுப் பாதிதான் கொடுக்கும், இல்லை, முழுசாகக் கொடுத்திருக்கிறது, எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது, பக்கத்து மேசையில் யாருமில்லை, இருந்திருந்தாலும் என்னவென்று கத்துவேன்... பஃபர், பஃபர், பஃபர், உள்ளே எவ்வளவு வழவழப்பாக ஓடுகிறது இந்த வார்த்தை, வெளியே வரும்போது மட்டும் உதடு இரண்டும் கோந்து போட்டமாதிரி ஒட்டிக்கொள்ளும். ப எனக்கு எதிரி. பிறந்ததிலிருந்து எதிரி. பஸ்ஸை வண்டி என்பேன், பாலை அது என்று கை காட்டுவேன், பச்சை நிறத்தை இலை நிறம் என்று சொல்லிச் சொல்லி என் மகளும் நர்சரியில் இலை நிறம் என்றே சொல்லி டீச்சரிடம் கவிஞர் பட்டம் வாங்கிவிட்டாள். பஃபருக்கு வேறு வார்த்தை இல்லையே... போன மாதம் அந்தக் கூட்டத்தில் அதுதானே ஆனது. படங்கள் ஏன் மெதுவாக வருகின்றன என்று மேனேஜர் கேட்டார், எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், நான் கையைத் தூக்கினேன், "ப... ப..." என்றேன், "பேண்ட்வித்துதானே? லைனோட அகலம், அதேதான்! அதைத்தான் நானும் சொல்றேன்" என்று அவர் மேசையைத் தட்டினார், சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள், நான் இல்லை என்று தலையை ஆட்டியது வேறு, ஆமாம் என்பது போலவே இருந்ததாம். லைனை இரண்டு மடங்கு அகலமாக்கினார்கள். என் பேரைச் சொல்லித்தான் ஆக்கினார்கள், வாயே திறக்காத மனுஷனே சொல்லிட்டார் என்று. படங்கள் அதே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்தன. அப்புறம் விவரமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது, படித்திருந்தால் கட்டைவிரல் வந்திருக்காது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் சிக்கல். நான் திணறுவதைப் பார்க்க அவர்களுக்குத் தாங்காது, மூச்சு முட்டுகிறவனுக்கு ஜன்னல் திறந்து விடுகிற மாதிரி ஒரு வார்த்தையை எடுத்து நீட்டுகிறார்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன், என்னுடையது இல்லாவிட்டாலும். இதில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. எனக்கும் அவனுக்கும் நாலு வயசு வித்தியாசம், பேச்சில் நாற்பது வயசு, இன்ஷூரன்ஸ் விற்கிறான், கல்லைக் கூடப் பாலிசி எடுக்க வைப்பான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு வாசலில் வந்து நின்று வருகை சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடியவன் அவன். முடி வெட்டுகிற கடையில் "பின்னாடி கொஞ்சம் குறைச்சு" என்று எனக்காகச் சொன்னவன் அவன். நான் விரும்பிய பெண்ணிடம் நான் சொல்வதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்தவனும் அவன்தான்... "தம்பிக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அவன் சொல்ல வருஷமாகும், அதான் நான் வந்தேன்." அவள் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாளாம். கல்யாணமான பிறகு ஒருநாள் சொன்னாள், "உங்க அண்ணன் நல்லா பேசினார். ஆனா அது உங்க அண்ணன் பேசினது." அவள் ஒருபோதும் எனக்கு வார்த்தை எடுத்துத் தருவதில்லை. துணி மடித்துக்கொண்டே இருப்பாள், வருகிறபோது வரட்டும் என்று, சில சமயம் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று சட்டை மடித்துவிடுவாள்.

சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டால்தான் புது வரி வேலை செய்யும், ஓடிக்கொண்டிருப்பதற்குள் திணிக்க முடியாது, நிறுத்துவதற்கு மேனேஜர் அனுமதி வேண்டும், மேனேஜர் கூட்ட அறையில் இருக்கிறார், கூட யார், லைன் விற்கிற கம்பெனியின் ஆள், நம் லைன்காரர்... இன்றைக்குத்தானே மறுபடியும் லைனை அகலமாக்கக் கையெழுத்து! எழுந்தேன். நடைவழி முழுக்க ஒத்திகை, நிறுத்தணும் சார், நி எளிது, சர்வரை நிறுத்தணும், ச வும் எளிது, அப்புறம் எதற்கு என்று கேட்பார், அங்கே வந்து நிற்கும் அந்தப் பாழாய்ப்போன ப... தண்ணீர் வடிகட்டி பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் குடித்தேன், தாகமில்லை. கண்ணாடிக் கதவுக்குள்ளே லைன்காரர் இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருந்தார், திறந்துவிட்ட குழாய் மாதிரி மனுஷன், "சார், ரோடு சின்னதா இருக்கு சார், ரோட்டைப் பெருசாக்குங்க, அப்புறம் பாருங்க பறக்கும்" என்கிறார், போன மாதமும் இதே ரோடுதான் சொன்னார், நான் உள்ளே போய் நின்றதும் மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது, "வாங்க வாங்க, நீங்கதானே முதல்ல சொன்னது, நீங்களே வந்துட்டீங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு போய்விடும், நின்றால்தான் மூச்சு அடிவயிறுவரை போகும்.

வாயைத் திறப்பதற்குள் மேசை நடுவில் இருந்த ஃபோன் அடித்தது. தீவிலிருந்து ஸ்கேன் எடுக்கிறவர், அவர் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும், எப்போதும் பின்னால் கடல் காற்று மாதிரி ஒரு மின்விசிறிச் சத்தத்தோடு வருகிற குரல், இன்றைக்குக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "சார், அவசரக் கேஸ். பள்ளிக்கூட வேன் ஓட்டுற அம்மா. பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வேனுக்குள்ளயே சாஞ்சுட்டாங்க. வலது கை விளங்கல, பேச்சு வரல. படம் எடுத்தாச்சு, அனுப்ப ஆரம்பிச்சிருக்கேன், மூணு சதவீதம்தான் போயிருக்கு, கொஞ்சம் பாருங்க." பேச்சு வரல... இல்லை, இது அதில்லை, இதை அதோடு சேர்க்காதே, அந்தம்மா வேறு, நான் வேறு... அதே லைனில் நகரத்து ஆஸ்பத்திரியின் மூளை டாக்டரம்மாவும் வந்துவிட்டார், அவர் எப்போதும் பாதி வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார், "...அடைப்பா ரத்தக்கசிவான்னு படம் பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது. அடைப்புன்னா கரைக்கிற மருந்து உடனே போகணும். கசிவுன்னா அதே மருந்து ஆளைக் கொன்னுடும். படம் எப்ப வரும்?" மேனேஜர் என்னைப் பார்த்தார், லைன்காரர் மேசையைப் பார்த்தார். அரை மணி என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது நிறுத்தினால் போன மூன்று சதவீதமும் போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சோதனையில் ஓடியது நிஜத்திலும் ஓடுமா, ஓடும், ஓடாவிட்டால், ஓடாவிட்டால் அந்தம்மாவுக்கு இருக்கிற கொஞ்ச நேரத்திலும் நான் கை வைத்தவனாவேன், இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேனே, கேட்டது முழுசாகக் கிடைத்திருந்ததே... "நிறுத்தணும்" என்றேன். என்ன, என்றார்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில். "ச... சர்வரை நிறுத்திட்டு, மறுபடி..." மேனேஜர் பதறி எழுந்துவிட்டார், "நடந்துட்டிருக்கிறதை எப்படிங்க நிறுத்துறது? ஓ, நீங்க சொல்றது படம் வந்து முடிஞ்ச பிறகு நிறுத்தலாம்னுதானே, ஆமா ஆமா, அதுக்கு..." என் கை எழுந்தது. நான் எழுப்பவில்லை போலத்தான் இருந்தது, உள்ளங்கை அவர் பக்கம், போக்குவரத்துக் காவலர் நிறுத்துகிற மாதிரி, மேனேஜர் முகத்துக்கு நேரே என் கை, என் கைதானா இது. அவர் வாய் பாதியில் நின்றது. "இல்ல" என்றேன், எவ்வளவு நல்ல வார்த்தை இந்த இல்ல, எவ்வளவு எளிதாக வருகிறது, இத்தனை வருஷம் எங்கே இருந்தது. "இப்பவே. இப்பவே நிறுத்தணும்."

"யார் பேசுறது?" என்றார் டாக்டரம்மா. பெயர்... என் பெயர்தான் இருக்கிற எல்லா வார்த்தையிலும் கஷ்டம், அதற்கு மாற்று வார்த்தை கிடையாது, "அந்த சர்வரை எழுதினவன்" என்றேன். "சொல்லுங்க." சொன்னேன். எப்படிச் சொன்னேன்... சர்வரோட ப, அங்கே வந்து நின்றது, உதடு ஒட்டிக்கொண்டது, லைன்காரரின் நாற்காலி கிறீச்சிட்டது, ஃபோனில் மின்விசிறி சுற்றியது, மேனேஜர் கண்ணில் வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது, பேண்ட்வித், பாஸ்வேர்டு, பேக்கப், எதை நீட்டலாம் என்று, என் கை இறங்கவில்லை, வேண்டாம், இதை மாற்ற மாட்டேன், இலை நிறம் என்று சொல்ல மாட்டேன், இது பச்சை, இது ப... "ப... ப... பஃபர் சின்னதா இருந்துச்சு. அதனாலதான் லைன் எவ்வளவு பெருசா இருந்தும் கொஞ்சம் கொஞ்சமா வருது. இப்ப சரி பண்ணிட்டேன். நிறுத்தி ஓட விட்டா, அரை மணி இல்ல, ஒரு நிமிஷம்." மூன்று ப. ஒரே மூச்சில் மூன்று. டாக்டரம்மா கேட்டார், "ஒரு நிமிஷம்னா நிஜமாவே ஒரு நிமிஷமா?" "ஆமா." "செய்யுங்க."

மேனேஜரின் மடிக்கணினியைத் திருப்பிக்கொண்டேன், கேட்கக்கூட இல்லை, நின்றபடியே, சர்வரை நிறுத்தினேன், தீவிலிருந்து "சார், கட் ஆயிடுச்சு!" என்று அலறல், புதிய நிரலை வைத்தேன், ஓட விட்டேன், காதைத் திறந்துகொண்டது, "இப்ப அனுப்புங்க" என்றேன், அனுப்பினார். வணக்கம். இந்தப் பக்கமிருந்து வணக்கம், இவ்வளவு வாங்கிக்கொள்வேன் என்று. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி... முதலில் ஒன்றும் நடக்கவில்லை, எவ்வளவு வந்திருக்கிறது என்று திரையில் காட்டுகிற பட்டை அசையவே இல்லை, ஆரம்பத்தில் தயங்கித்தான் போகும், தெரிந்ததுதானே, கொஞ்சம் அனுப்பிப் பார்த்து, பதில் வந்ததும் இரண்டு பங்கு, அது வந்ததும் நாலு பங்கு, தெரிந்திருந்தும் தாங்கவில்லை, இரண்டு சதவீதம், ஐந்து, பன்னிரண்டு, லைன்காரர் எழுந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார், முப்பது, ஐம்பத்தைந்து, போடு, போடு என்று யாரோ முணுமுணுத்தார்கள், நான்தான், எண்பது... தீவில் "என்ன சார் இது, முடிஞ்சுட்டுதா? நிஜமா முடிஞ்சுட்டுதா?" என்றார் அந்த மின்விசிறிக் குரல்காரர். முடிந்துவிட்டது. டாக்டரம்மாவின் பக்கம் மவுஸ் சொடுக்குகிற சத்தம், சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு, ஒரு மண்டையைத் துண்டு துண்டாகப் புரட்டுகிற சத்தம், பிறகு அவர் எங்களிடம் பேசவே இல்லை, தீவு டாக்டரிடம்தான் பேசினார், "கசிவு இல்ல. இடது பக்கம் அடைப்பு, நல்லா தெரியுது. மருந்தை ஏத்துங்க. இப்பவே."

மேனேஜர் உட்கார்ந்தார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். "அப்போ..." என்றார் மேனேஜர், "அன்னிக்கு நீங்க சொல்ல வந்தது பேண்ட்வித் இல்லையா?" இல்லை என்று தலையாட்டினேன், இந்த முறை அது இல்லை என்றே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு, "ஐயோ, சொல்லக் கூடாதாங்க!" என்றார், அதற்கு நான் என்ன சொல்ல, சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் சார், பாதி தூரம் வந்திருந்தேன். லைன்காரர் கையெழுத்தாகாத தன் காகிதங்களை மெதுவாக உறைக்குள் போட்டுக்கொண்டார், போகிறபோது என் கையைப் பிடித்து, "ரோடு போதும் போல சார்" என்றார், வருத்தமாகத்தான் சொன்னார், ஆனாலும் கையை அழுத்திக் குலுக்கினார். சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் எல்லா மேசைக்கும் போய்விட்டது, யாரோ என் தட்டில் இனிப்புத் துண்டு ஒன்று வைத்தார்கள், யாரோ முதுகில் தட்டினார்கள், தீவிலிருந்து மறுபடி ஃபோன், அந்தம்மா வலது கைவிரலை அசைத்தார்களாம், இரண்டு விரல், சொன்னவர் குரல் உடைந்து மின்விசிறிச் சத்தத்தில் கரைந்தது. நான் படிக்கட்டுக்குப் போனேன். யாரும் வராத அந்த நடுப் படியில் உட்கார்ந்து சிரித்தேன், தனியாக, சத்தமாக, பஃபர் என்றேன் சுவரைப் பார்த்து, பஃபர், ப... பஃபர், திக்கினால் திக்கட்டும், வருகிறது பார், முழுசாக வருகிறது.

மனைவிக்கு அந்த நேரம் வேலை, எடுக்க மாட்டாள், அவளுக்கு நேரில் சொல்ல வேண்டும், எத்தனை சட்டை ஆனாலும் சரி. அண்ணனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான், "என்னடா, உடம்பு சரியில்லையா? மகளுக்கு ஏதாவதா? மேனேஜர் எதுவும் சொன்னாரா?" என்று மூன்று கேள்வி, மூன்றுக்கும் பதிலை அவனே வைத்திருப்பான். "இல்லண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன், சொன்னேன், முதலிலிருந்து, வரி இடம் மாறினதிலிருந்து அந்தம்மாவின் இரண்டு விரல் வரைக்கும், நடுவில் எத்தனை இடத்தில் நின்றேனோ, ஒவ்வொரு இடத்திலும் அவன் உள்ளே நுழைவான் என்று எதிர்பார்த்தேன், நுழையவில்லை, ஃபோன் துண்டித்துவிட்டதா என்று ஒரு முறை பார்த்தேன், இல்லை, இருக்கிறான். முடித்தேன். "கையை நீட்டி நிறுத்தினியா?" என்றான். "ஆமா." "உங்க மேனேஜரையா?" "ஆமாண்ணா." ஒரு பெரிய சிரிப்பு வரும், சபாஷ்டா வரும், தெருவே கேட்கிற மாதிரி வரும் என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். வரவில்லை. "ஏண்டா" என்றான், கல்லுக்கே பாலிசி விற்கிற குரல் இல்லை அது, "சின்ன வயசுலேர்ந்து நான் உனக்காக... நான் முந்திக்கிட்டு... அதெல்லாம் உனக்கு..." நின்றுவிட்டான். என் அண்ணன், வாக்கியத்தின் நடுவில், நின்றுவிட்டான்.

மீதி எனக்குத் தெரியும், அது முழுதாக என் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு ப கூட அதில் இல்லை, எடுத்து நீட்டினால் போதும், அவன் மூச்சு விடுவான்... ஃபோனில் அவன் திணறுவது கேட்டது, கேட்கத் தாங்கவில்லை, இப்படித்தான் இருந்திருக்குமா, வகுப்பு வாசலில், முடி வெட்டுகிற கடையில், இத்தனை வருஷமும் அவனுக்கு இப்படித்தானா... வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன், சொல்லிவிடட்டுமா, அவனே சொல்லட்டுமா, எது அவனுக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.